புல்போருக்குள் இருந்த சூடு

எனக்குப் பேசுவதென்றாலே கூச்சம். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் என் பெயரைக் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். நாவலூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த குதிரை லாயத்தில், எனக்குப் பிறகு தீவனக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ள வந்திருப்பவர் போன வாரம் போன் செய்தார்.

"அண்ணா, இப்பல்லாம் பிளாஸ்டிக் சுத்துன கட்டா வருது. வைக்கோல் ஒரு லோடு, புல்லு ஒரு லோடு. ரெண்டும் காஞ்ச சருகுதானே? ஒரே எடத்துல அடுக்கிட்டா இன்னா? எடம் வேற பத்தல."

"ரெண்டும் ஒண்ணு இல்லப்பா" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் போனில் எனக்குச் சொல்ல வரவில்லை. சொல்ல வேண்டியதோ நிறைய இருந்தது. அதனால் எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவிலம்பாக்கம் எனக்குச் சொந்த ஊர். எங்கள் நிலம் மனைகளான பிறகு தாம்பரத்தில் ஒரு வைக்கோல் கடையில் கட்டு ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனேன். மாட்டுக் கொட்டகைக்காரர்கள் வருவார்கள். காளான் வளர்ப்பவர்கள் வருவார்கள். வைக்கோலை வேகவைத்து அதன்மேல் விதை தூவினால் வெள்ளை வெள்ளையாகக் காளான் முளைக்கும். கண்ணாடிச் சாமான் கடைக்காரர்கள் பெட்டிக்குள் மெத்தை போடக் கேட்பார்கள். பழக்கடைக்காரர்கள் மாங்காய் பழுக்க வைக்கக் கேட்பார்கள். எதற்குக் கேட்டாலும் நாங்கள் கொடுத்தது ஒரே வைக்கோல்தான். உலகத்தில் காய்ந்த புல் என்றாலே வைக்கோல்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். லாயத்துக்கு வந்த பிறகுதான் அது இல்லை என்று தெரிந்தது.

முதலாளிக்காக லாயத்தை நடத்தியவர் பர்வீன். பல்லாவரத்தில் தலைமுறை தலைமுறையாகக் குதிரைக்கு லாடம் அடித்த குடும்பம். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். முதல் நாள் நான் "மேடம்" என்றேன்.

"மேடம்னு கூப்டா யாரையோ கூப்புடற மாதிரி கீதுண்ணா. பேரச் சொல்லுங்க."

பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசி வரைக்கும் "அம்மா" என்றே கூப்பிட்டேன். அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. தவறு நடந்தால் அருகில் வந்து நிற்பார். "இது எப்டிண்ணா ஆச்சு?" என்று கேட்பார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார் என்பது முகத்தில் தெரியும். பொய் சொல்லவே தோன்றாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குதிரையின் தீவனத் தொட்டியில் வைக்கோலை அள்ளிப் போடப் போனேன். என் கையைப் பிடிக்காமல், தொட்டியைத் தன் கையால் மூடினார்.

"மாடு சாப்பிட்டதை மறுபடி வாய்க்குக் கொண்டாந்து அசை போடும்ண்ணா. வைக்கோல்லேர்ந்துகூடப் பால் எடுத்துடும். குதிரைக்கு அந்த வித்தை தெரியாது. இதையே வயித்துக்குப் போட்டா உள்ள அடைச்சிக்கும்."

"அப்ப வைக்கோல் எதுக்கும்மா வாங்கறோம்?"

"படுக்கறதுக்கு."

பிறகு வைக்கோல் கட்டு, புல் கட்டு இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வைக்கோல் மஞ்சளாக, வழவழப்பாக, உள்ளே குழாய் போல இருந்தது. நெல் முற்றும்போது தன்னிடம் இருந்த அத்தனையையும் கதிருக்குக் கொடுத்துவிட்டு நின்ற தாள் அது. மற்றது மெல்லியதாக, இலையோடு, காய்ந்த பிறகும் பச்சை மாறாமல் இருந்தது. விதை பிடிப்பதற்கு முன்னால், பூ வரும் சமயம் பார்த்து அறுத்து, வெயிலில் புரட்டிப் புரட்டிக் காய வைத்த புல். கொடுக்க வேண்டியதை இன்னும் யாருக்கும் கொடுக்காத புல்.

"வைக்கோல் மாசக் கடைசி பர்ஸு. புல்லு சம்பளத்தன்னிக்கு பர்ஸு" என்றார் பர்வீன். அவ்வளவுதான் என் பாடம்.

புல் லாரி வரும்போது அவர் செய்வதைப் பார்க்க நான் கொட்டகை வாசலிலேயே நிற்பேன். கட்டின் மேற்புறத்தைத் தொடவே மாட்டார். கையை உள்ளே நுழைத்து நடுவிலிருந்து ஒரு பிடி எடுப்பார். முதலில் பார்ப்பார்: நிறம் இருக்கிறதா, இலை தண்டை விட்டு உதிர்ந்துவிட்டதா, பூவா விதையா. பிறகு காதோரம் வைத்து முறுக்குவார். நன்றாகக் காய்ந்த புல் மெல்லச் சலசலக்கும். ஈரமானது சத்தம் போடாது. அடுத்து கன்னத்தில் ஒற்றிக்கொள்வார். முகர்ந்து பார்ப்பது கடைசியில்தான்.

அப்போதும் சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடி பாட்டில் வரும். அதில் கொஞ்சம் உலர்ந்த உப்பு. புல்லைப் பொடியாக நறுக்கி உள்ளே போட்டு, மூடி, நன்றாகக் குலுக்குவார். உப்பு உதிரியாகவே இருந்தால் லாரிக்காரர் கட்டை இறக்கலாம். உப்பு சேர்ந்து கட்டிக்கொண்டால் லாரி திரும்பிப் போகும். கண்ணுக்கும் கைக்கும் தெரியாத ஈரத்தை உப்பு கண்டுபிடித்துவிடும். சமையலறையில் எத்தனையோ நாள் பார்த்த உப்புதான். அதற்கு இப்படி ஒரு வேலை தெரியும் என்று நான் நினைத்ததில்லை.

ஒருமுறை சித்திரை வெயிலில் நல்ல கட்டு ஒன்றைப் பிரித்தேன். அதிலிருந்து எழுந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். வெளியே தார் உருகுகிற வெயில். கட்டுக்குள்ளே மழைக்கு அடுத்த நாள் காலை. அது எப்படி அத்தனை மாதம் அதற்குள் இருந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

இனி என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழுமலை, என் மனைவியின் அண்ணன். எங்கள் பக்கத்தில் வைக்கோல் போர் போடுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. அறுவடை முடிந்தால் மேடவாக்கம், பெரும்பாக்கம் வரைக்கும் ஆள் அனுப்பி அழைத்துப் போவார்கள். அடியில் வட்டம் போட்டு, மிதித்து மிதித்து ஏற்றி, உச்சியைச் சரித்து முடிப்பார். எத்தனை மழை பெய்தாலும் தண்ணீர் வழிந்து போய்விடும். உள்ளே கைவிட்டால் காய்ந்து கிடக்கும். வயல்களெல்லாம் வீடுகளான பிறகு அவருக்குப் போர் போட இடமில்லை. லாயத்தில் எடுபிடி வேலைக்கு வந்திருந்தார்.

அந்த வருடம் முதலாளி கூடுவாஞ்சேரியைத் தாண்டி ஒரு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, குதிரைகளுக்குச் சொந்தமாகப் புல் போட்டிருந்தார். புரட்டாசிக் கடைசியில் அறுப்பு. அந்தச் சமயம் பார்த்து பர்வீனுக்கு ஆம்பூரில் இருந்த அக்காவின் பிரசவத்துக்குப் போக வேண்டியிருந்தது. அறுத்துப் போட்ட மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த புல்லை வாரி லாரியில் ஏற்றி, மச்சான்தான் லாயத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

"காய வெக்க வேணாமா மச்சான்?"

"மானம் இப்டி ஊத்திக்கினு கீது. எங்க காய வெக்கிறது? போர் போட்டா தானா காயும் மாப்ள. எத்தினி வருசமா போடறேன்."

கொட்டகைக்குள் போர் ஏறியது. அதைப் போல ஒரு போரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒரு தாள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. மேலே ஏறி நின்று வட்டமாகச் சுற்றிச் சுற்றி மிதித்தார். இறங்கி வந்து, தள்ளி நின்று பார்த்தார்.

"இன்னா மாப்ள, எப்டி கீது?"

"கோபுரம் மாதிரி இருக்கு மச்சான்."

அவருடைய அப்பாவும் தாத்தாவும் அப்படித்தான் போட்டார்கள். வைக்கோலுக்கு அது சரி. வைக்கோலையே போட்டுப் பழகிய கை, புல்லையும் வைக்கோலாகவே நினைத்துவிட்டது. லாயத்தில் இருந்த எங்களில் ஒருவருக்குக்கூட அது தவறென்று தோன்றவில்லை.

கொஞ்ச நாளில் லாயத்துப் பூனைகள் அந்தப் போர்மேல் போய்ப் படுக்க ஆரம்பித்தன. மழைக் குளிரில் அங்கே மட்டும் கதகதவென்று இருந்தது போல. நாங்கள் சிரித்தோம். "பூனைங்களுக்கு லாட்ஜ் கட்டிக் குடுத்துட்டாரு" என்று குதிரைக்காரர்கள் மச்சானைக் கிண்டல் செய்தார்கள். காலையில் போர் உச்சியில் மெல்லிய ஆவி எழும்பும். மார்கழிப் பனி மாதிரி இருக்கிறது என்று ரசித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவோம். அப்புறம் ஒரு நாள் பூனைகள் இறங்கிவிட்டன. அவை ஏன் இறங்கின என்று யாரும் யோசிக்கவில்லை. லாயம் முழுவதும் இனிப்பாக ஒரு வாசனை வர ஆரம்பித்தது.

அந்த வாசனை இருந்த ஒரு காலை வேளையில்தான் பர்வீன் ஊரிலிருந்து திரும்பினார். மழை சாரலாகத் தொடங்கிப் பலத்துக்கொண்டிருந்தது. ஆட்டோவிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தவர் அப்படியே நின்றார்.

"என்னண்ணா, வெல்லம் காய்ச்சறீங்களா? இல்ல யாராவது பொங்கல் வெக்கிறீங்களா?"

"இல்லம்மா. மச்சான் போட்ட போரு. புல்லு வாசனை."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. பையை ஆட்டோவிலேயே விட்டுவிட்டுக் கொட்டகைக்கு வந்தார். போரைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"மழைக்கு முன்னாடி அறுத்ததா, பின்னாடியா?"

"நடுவுலம்மா" என்றார் மச்சான். "மேலதான் ஈரம். உள்ள காஞ்சிருக்கும்."

"ஒரு கம்பி குடுங்கண்ணா. நீளமா."

வேலிக்கு வைத்திருந்த இரும்புக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்தேன். இடுப்பு உயரத்தில் குத்தச் சொன்னார். முதலில் போகவே இல்லை. மச்சான் மிதித்த மிதி அப்படி. உடம்பை வைத்து அழுத்தினேன். கொஞ்ச தூரம் போன பிறகு, எதிர்ப்பே இல்லாமல், காற்றில் போவது போல வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஒரு போரின் நடுவில் அப்படி வெற்றிடம் இருக்கக் கூடாது.

"அப்டியே வுடுங்க" என்றார். ஒரு டீ குடிக்கிற நேரம் கம்பி உள்ளேயே இருந்தது. பிறகு, "சாக்கு சுத்திப் புடிச்சு இழுங்க" என்றார்.

இழுத்தேன். கம்பியின் நுனி கொட்டகைக்கு வெளியே வந்தபோது அதன்மேல் மழைத்துளி ஒன்று விழுந்தது. சுர்ரென்று சத்தம் கேட்டது.

நாங்கள் எல்லோரும் அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தோம். மச்சான்தான் முதலில் பேசினார். "மழையில இன்னாம்மா நெருப்பு? யாரு வெச்சது?"

"யாரும் வெக்கலண்ணா. அறுத்தாலும் புல்லு ஒடனே சாகாது. ஈரம் இருக்கற வரைக்கும் மூச்சு விடும். ஈரத்துல பூஞ்சை வரும், அதுவும் மூச்சு விடும். எல்லாத்துக்கும் சூடு உண்டு. வெயில்ல பரப்பிக் காய வெச்சா அந்தச் சூடு காத்துல போயிடும். நீங்க ஒரு ஓட்டை இல்லாம மூடிட்டீங்க." அவர் குரலில் கோபம் இல்லை. "வைக்கோலுக்கு இதவிட நல்ல போர் போட முடியாது."

உடனே அடுத்தடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். போரிலிருந்து ஒரு பிடிகூட யாரும் உருவக் கூடாது. காற்று உள்ளே போனால் பிடித்துக்கொள்ளும். மேலே யாரும் ஏறக் கூடாது; உள்ளே கூடாகிவிட்டது, கால் வைத்தால் ஆளே உள்ளே போய்விடுவார். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போனது. வழியில் ரோடெல்லாம் தண்ணீர், வந்து சேர நேரமாகும் என்றார்கள். குதிரைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து மைதானத்துக்கு ஓட்டினோம்.

மைனா மட்டும் மிச்சம்.

மைனா என்பது ஒரு செம்பட்டைப் பெண் குதிரை. முன்னங்கால் குளம்புகளுக்குள் வீக்கம். மனிதருக்கு நகக்கண்ணில் ரத்தம் கட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. அந்த நகத்தின் மேலேயே முழு உடம்பையும் தாங்கி நிற்க வேண்டும். கெட்டித் தரையில் ஓர் அடிகூட நடக்கவிடாதீர்கள் என்று மாட்டு டாக்டர் சொல்லியிருந்தார். அமைதியாக இருக்கட்டும் என்று கடைசி அறையில், முழங்கால் ஆழத்துக்கு வைக்கோல் பரப்பி வைத்திருந்தோம். அந்த அறைக்கும் புல் கொட்டகைக்கும் நடுவில் ஒரே சுவர். நான் அதில் கை வைத்துப் பார்த்தேன். வெயிலே அடிக்காத நாளில் அந்தச் சுவர் சுட்டது.

மைனா சுவருக்கு எதிர் மூலையில் ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். அவளை எதிர்ப்பக்கத்துக் கொட்டகைக்குக் கொண்டு போக வேண்டும். நடுவில் முற்றம் முழுக்கக் கருங்கல் ஜல்லி, சேறாகாமல் இருக்கக் கொட்டியது. பர்வீன் கயிற்றைப் பிடித்து வாசல்வரை கூட்டிவந்தார். மைனா ஒரு குளம்பை ஜல்லிமேல் வைத்தாள். உடம்பு முழுக்க நடுங்க, அப்படியே பின்வாங்கிவிட்டாள். மறுபடி இழுத்தால் விழுந்துவிடுவாள். விழுந்தால் எழுப்ப முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் போர் எப்போது வாயைத் திறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

பர்வீன் திரும்பினார். எங்களையெல்லாம் தாண்டி மச்சானைப் பார்த்தார்.

"ஏழுமலைண்ணா. இங்கேர்ந்து அங்க வரைக்கும் வைக்கோல் போட முடியுமா?"

"எவ்ளோ கனம்மா?"

"அவ கால் வெச்சா ஜல்லி தெரியக் கூடாது."

வைக்கோல் இருந்தது வேறு கொட்டகையில். மச்சான் ஓடினார். நாங்கள் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தோம், அவர் பிரித்துப் போட்டார். நான் ஒரு கட்டை அப்படியே நீளவாக்கில் உதறிவிடப் பார்த்தேன்.

"அட, அப்டிப் போடாத மாப்ள! நனைஞ்ச வைக்கோல் ஒரே பக்கமா கெடந்தா வழுக்கும். ஒண்ணு நெடுக்க, ஒண்ணு குறுக்க. பாய் மாதிரி."

போருக்கு அடி போடுகிற முறை அது. ஒரு வரிசை நெடுக்கில், அதன்மேல் ஒரு வரிசை குறுக்கில், ஒவ்வொன்றையும் காலால் ஒரு மிதி. மழை அவர் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் நிமிரவே இல்லை. ஜல்லியின்மேல் மஞ்சளாக ஒரு பாதை வளர்ந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. சத்தெல்லாம் போன சக்கை என்று நாங்கள் சொல்கிற வைக்கோல் இது. அதற்கு வாசனை இல்லை, ருசி இல்லை, சூடு கிடையாது. அதனால்தான் ஒரு நோயாளியின் காலடியில் இவ்வளவு அமைதியாகக் கிடக்க முடிகிறது.

பர்வீன் மைனாவின் தோளோடு தோளாக நின்றார். இழுக்கவில்லை. "வாடி என் செல்லம், மெத்த போட்டிருக்காங்க பாரு" என்று காதில் சொன்னார். மைனா தலையைத் தாழ்த்தி வைக்கோலை முகர்ந்தாள். ஒரு குளம்பை வைத்தாள். காத்திருந்தாள். அது குத்தவில்லை. அடுத்த குளம்பு.

பாதி தூரம் வந்ததும் நின்றாள். எங்களுக்கு உயிர் போயிற்று. பின்னால் கொட்டகைக் கூரைக்கு அடியிலிருந்து ஆவி திரண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. மைனா நிதானமாகக் குனிந்து, காலடியில் கிடந்த வைக்கோலில் ஒரு வாய் கடித்து மென்றாள்.

"அடியே!" என்று கத்தினார் மச்சான். "ரோட்டத் தின்னுட்டா எதுல நடப்ப நீ?"

அந்த நேரத்திலும் எல்லோரும் சிரித்துவிட்டோம். பர்வீன்கூட. மைனா மென்று முடித்துவிட்டு மறுபடி நடந்தாள்.

எதிர்க் கொட்டகைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது வைக்கோல் தீர்ந்துவிட்டது. கொட்டகையில் ஒரு கட்டுகூட மிச்சமில்லை. முன்னால் வெறும் ஜல்லி. மைனா விளிம்பில் நின்றாள். கால்கள் நடுங்கத் தொடங்கின. நான் பர்வீனைப் பார்த்தேன், பர்வீன் மச்சானைப் பார்த்தார். மச்சான் குதிரையின் பின்பக்கம் ஓடினார். அவள் நடந்து முடித்த பாதையை இரண்டு கையாலும் வாரி எடுத்து, முன்னால் கொண்டுவந்து போட்டார். எங்களுக்கும் அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் பின்னாலிருந்து அள்ளினோம், முன்னால் பரப்பினோம். பின்னால் பாதை அழிந்துகொண்டே வந்தது, முன்னால் பிறந்துகொண்டே போனது. அதன் நடுவில் ஒரு குதிரை, தன் காலுக்குக் கீழே மட்டும் இருந்த நிலத்தை நம்பி, நடந்து கொட்டகைக்குள் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகுதான் தீயணைப்பு வண்டி வந்தது. இறங்கிய அதிகாரி போரையும் எங்களையும் பார்த்தார்.

"எவன்யா பீடி புடிச்சது?"

எல்லோருடைய கண்ணும் மச்சானின் காதுக்குப் போனது. அங்கே ஒரு பீடி, மழையில் ஊறி, ஒட்டிக்கொண்டிருந்தது.

"சார், போராண்ட நான் பீடி புடிக்க மாட்டேன் சார். பொறந்ததுலேர்ந்து போர் போடறவன் சார்."

"யாரும் பத்த வெக்கல சார்" என்றார் பர்வீன். "ஈரப் புல்லு. தானா சூடாயிடுச்சு."

"தானாவா? எத்தனையோ வைக்கோல் போர் அணைச்சிருக்கேன் மேடம். தானா பத்துன போர நான் பாத்ததில்ல."

"நானும் கேள்விப்பட்டதுதான் சார். இன்னிக்குதான் பாக்கறேன்" என்றார் பர்வீன்.

தீயணைப்பு ஆட்கள் குழாயைத் தயாராகப் பிடித்துக்கொண்டு, நீளக் கொக்கியால் போரை மெல்லப் பிரித்தார்கள். வெளிப்புறம் பச்சை மாறாத புல். அதற்குள்ளே மஞ்சள். அதற்கும் உள்ளே புகையிலை நிறம். வெல்லப்பாகு வாசனை அங்கிருந்துதான் வந்தது. இன்னும் உள்ளே வறுத்த காப்பிக்கொட்டை போலக் கறுப்பு. கொக்கி அடுத்த முறை உள்ளே போய் வெளியே வந்தபோது ஒரு குகை தெரிந்தது. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குள் காற்று போனது. யாரோ உள்ளே உட்கார்ந்து ஒரு மூச்சு இழுத்தது போல இருந்தது. குகையின் சுவர் முழுக்கச் சிவப்பாகி, ஒரு நொடியில் நெருப்பு நாக்கை நீட்டியது.

வெளியே அப்படியொரு மழை. ஒருவரும் ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கவில்லை. வாரக்கணக்கில் நாங்கள் அதன் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

தண்ணீர் பாய்ந்து எல்லாம் அடங்கிய பிறகும் அந்த அதிகாரி அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கறுத்த புல்லில் ஒரு பிடி எடுத்து நசுக்கிப் பார்த்தார். "உள்ளேர்ந்தேவா வந்துச்சு?" என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

சுவர் விரிசல் விட்டிருந்தது. மைனா அந்த அறையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

மீதிப் புல்லை முற்றத்தில் பரப்பிவிட்டோம். மழையிலேயே கிடந்து வெகுநேரம் ஆவி விட்டது. மச்சான் தண்ணீர்த் தொட்டி ஓரம் போய் உட்கார்ந்துவிட்டார். வேலை போய்விட்டது என்று அவர் முடிவு செய்துவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

பர்வீன் இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து எங்களிடம் கொடுத்தார்.

"ஏழுமலைண்ணா, வைக்கோல் எல்லாம் நனைஞ்சிடுச்சு. நாளைக்கு ஒரு லாரி வரும். போர் நீங்கதான் போடணும்."

மச்சான் நிமிர்ந்து பார்த்தார். "புல்லு வந்தா?"

"வந்தா கூப்புடுங்க. உப்பு பாட்டிலோட வரேன். ரெண்டு பேரும் பாத்துப் போடலாம்."

சொல்லிவிட்டுக் குதிரைகளைப் பார்க்கப் போய்விட்டார். அவர் அந்தப் பேச்சை அதோடு முடித்துக்கொண்டார். முதலாளி வந்து கேட்டபோதும், "என் லாயத்துல நடந்தது, நான் பொறுப்பு" என்றுதான் சொன்னாராம்.

பொழுது சாயும் நேரம். குதிரைகளுக்குத் தீவனம் வைக்க வேண்டும். பழைய இருப்பில் இருந்த நல்ல புல்லை ஒரு வலைப் பையில் நிரப்பி, மைனாவுக்குக் கட்டிவிட்டு வந்தேன். அடுத்த சுற்றில் போனபோது மச்சான் அவள் முன்னால் நின்றுகொண்டிருந்தார். மைனா புல்லைத் தின்ன மூக்கை நீட்டினாள். அவர் ஒரு கையால் அவள் முகத்தை மெல்லத் தள்ளிவிட்டார். மறுபடி நீட்டினாள். மறுபடி தள்ளினார். அவருடைய இன்னொரு கை முழங்கை வரைக்கும் அந்த வலைப் பைக்குள் இருந்தது.

"இரு, இருடி. அவசரப்படாத."

கண்ணை மூடிக்கொண்டு, விரலை ஒவ்வொன்றாக உள்ளே நகர்த்திப் பார்த்தார். பிறகு கையை வெளியே எடுத்து, அவள் வாய்க்கு வழிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"சில்லுனு கீது மாப்ள" என்றார்.